அம்மா காப்பி

வலது பக்கம் 2.4, இடது பக்கம் 2.6 என்று திரையில் இருந்தது. அழித்துவிட்டு டாக்டர் சொல்லும் எண்ணைப் போட வேண்டிய இடம் அது. ஏழு வருஷமாகப் பகவதி அதை அழித்துக்கொண்டே இருக்கிறாள், ஒரு நாளும் படித்ததில்லை, இன்றைக்குப் படித்துவிட்டாள். கால் தானாகப் பெடலை விட்டு எழும்ப, காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த சங்கரலிங்கம் டாக்டரின் குரல் பாதி வார்த்தையில் நின்றது. பெடலை மிதித்தால் குரல் வரும், எடுத்தால் நிற்கும், பின்பக்கம் தட்டினால் சொன்னதையே திரும்பச் சொல்லும். பாளையங்கோட்டையில் இந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் அவளுடைய வேலை அவ்வளவுதான்: டாக்டர் காலையில் வார்டுக்குப் போய் ஸ்கேன் பார்த்து, கண்டதைப் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போவார், அவள் கேட்டு டைப் அடிப்பாள். பிரசவ லீவு, அதன் மேல் போட்ட நீட்டிப்பு எல்லாம் முடிந்து திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். இன்று புதன். மணி பதினொன்று இருபது. குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையின் தலை ஸ்கேன். திரும்பி வந்த பிறகு அவள் கைக்கு வந்த முதல் தலை ஸ்கேன். 2.4, 2.6. மூளையின் நடுவே நீர் நிற்கும் இரண்டு அறைகளின் அகலம், மில்லிமீட்டரில். இந்த இரண்டு எண்ணும் அவளுக்கு மனப்பாடம். அவை மகிழனின் எண்கள்.

மகிழன் இருபத்தொன்பதாவது வாரத்தில் பிறந்தான், ஒரு கிலோ நூறு கிராம். இதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒன்றரை மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். இருபத்தெட்டாம் நாள் அவன் உச்சிக்குழியில் பசையைத் தடவி, விரல் பருமன் கருவியை வைத்து டாக்டர் தலைக்குள் பார்த்தார். எலும்பு மூடாத அந்த இடம்தான் ஜன்னல். அது வழியாகத்தான் உள்ளே பார்க்க முடியும் என்று நூறு முறை டைப் அடித்தவள், தன் பிள்ளைக்குப் பார்க்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மறுநாள் அவள் புருஷன் நயினார் ஒரு பிளாஸ்டிக் கவரில் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, எல்லாம் நல்லாருக்காம் என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கு வராமல் வாசலிலேயே நின்றான். செருப்பு ஈரம் என்றான். வெளியே மழை பெய்ததா? யோசித்தால் மழை ஞாபகத்தில் இல்லை, ஈரம் என்று அவன் சொன்னதுதான் இருக்கிறது. அவள் ரிப்போர்ட்டை எடுத்து வாசித்தாள். ஒவ்வொரு வரியும் அவள் டைப் அடித்துப் பழகிய வரி. இரத்தக் கசிவு இல்லை, நீர்க்கட்டி இல்லை, அறைகள் இயல்பான அளவு, 2.4, 2.6. சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பயப்படாதே என்று சொன்ன மாதிரி இருந்தது. பால் பீய்ச்சும் பம்ப் வைத்திருந்த பையிலேயே அந்தக் கவரையும் வைத்துக்கொண்டாள். பால் வராமல் மார்பு கல்லாகக் கிடக்கும்போது அதை எடுத்து ஒரு தடவை வாசிப்பாள். பத்து மில்லி, பதினைந்து மில்லி என்று கண்ணாடிக் குப்பியில் இறங்கும். குழாய் வழியாக அந்தப் பாலைக் குடித்துத்தான் அவன் எடை ஏறினான். எண்ணைப் படித்தால் பால் வரும் என்று ஒருத்தியிடம் வெளியே சொன்னால் சிரிப்பாள்.

ஆனால் இரண்டு குழந்தைக்கு ஒரே அளவு இருக்கக் கூடாதா என்ன. ஒரே எடையில் எத்தனை குழந்தை பிறக்கிறது. ஒரே நாளில், ஒரே நிமிஷத்தில்கூடப் பிறக்கிறது. வலது பக்கம் ஒத்துப்போகலாம். இடது பக்கமும் ஒத்துப்போகலாம். 2.4 என்பது பொதுவாக வருகிற எண்தான். இந்தத் திரையில் இருக்கிற 2.4 யாருடையது என்று அவளுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் டாக்டர் ஒரு நல்ல ரிப்போர்ட்டைக் கொடுத்து, இதை அச்சு மாதிரி வைத்துக்கொள், மாறுகிற இடத்தை மட்டும் மாற்றிக்கொள் என்றார். அந்தக் குழந்தையின் பெயரை அழித்துவிட்டு, எண்களை அப்படியே விட்டு, 'தலை நார்மல்' என்று சேமித்து வைத்தாள். எந்த ஊர்க் குழந்தையோ, இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கும், ஓடும். அதன் எண்கள் ஏழு வருஷமாக இங்கே உட்கார்ந்திருக்கின்றன. யாராவது அழிக்கும்வரை இருக்கும். அழிக்காமல் விட்டால் தாளோடு வெளியே போகும். யார் அழிக்காமல் விடுவார்கள்? மெய்யான ரிப்போர்ட்டில் யாரும் விட மாட்டார்கள், டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். எந்தத் தாளில் விடுவோம் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு மாடுமாதிரி நின்றுகொண்டது. நினைப்பையும் பெடல் மாதிரி பின்பக்கம் தட்டிப் பார்த்தாள். குழந்தை, எடை, வாரம், 2.4. மறுபடியும் அங்கேயேதான் வந்து நின்றது.

அந்தத் தாளுக்கு இங்கே அம்மா காப்பி என்று பெயர். பெயர் வைத்ததும் அவள்தான். ஐந்து வருஷம் இருக்கும். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பன் இந்த அறை வாசலில் நின்று கையைப் பிசைந்தான். பச்சை உடம்புக்காரி, கேட்டால் பால் நின்றுபோகும், நல்லதாக ஒன்று அடித்துக் கொடுங்கம்மா, ஒரு மாதம் போகட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன். நியாயமாகத்தான் பட்டது. நார்மலைத் திறந்து, தாயின் பெயரைப் போட்டு, அச்செடுத்துக் கொடுத்தாள். பதிவேட்டில் ஏறாத தாள்தானே என்று எண்களை மாற்றவில்லை. டாக்டரிடம் மறுநாள் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திட்டவில்லை. என் கையெழுத்து அதில் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதனால் அம்மா காப்பியில் பிரிவின் சீல் மட்டும்தான் இருக்கும். கையெழுத்து எங்கே என்று எந்த அம்மாவும் கேட்டதில்லை. மெல்ல அது வழக்கமாகிவிட்டது. கெட்ட செய்தியாக இருந்தால் டாக்டர் பதிவின் கடைசியில் தானே சொல்லிவிடுவார், அம்மாவுக்கு ஒண்ணு போட்டுரும்மா. அவள் போடுவாள். கல்லிடைக்குறிச்சிப் பெண் ஒருத்தி, வள்ளியூரிலிருந்து இரட்டைக் குழந்தைக்காரி, பேட்டைப் பக்கம் பர்தா போட்ட சின்னப் பெண் ஒருத்தி, அவள் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பகவதி அன்றைக்கு வீட்டுக்குப் போய் நயினாரிடம் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். நல்ல ஏற்பாடாத்தான் இருக்கு என்றான். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று இனி ஆள் தேட வேண்டாம்.

தன் தாளில் கையெழுத்து இருந்ததா? சீல் இருந்தது, ஊதா மையில், கொஞ்சம் சாய்ந்து. வரவேற்பில் இருக்கும் ஜெசிந்தாதான் பகவதி லீவில் போனால் டைப் அடிப்பாள், அவள் போடும் சீல் எப்போதும் சாய்ந்துதான் விழும். அந்த வளைந்த எழுத்துகளுக்குக் கீழே வெறும் வெள்ளை. எத்தனை தடவை வாசித்திருப்பாள், அந்த வெள்ளையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஊர்ப்பட்ட பெண்களுக்கு அடித்துக் கொடுத்தவள் தனக்கு வந்ததை மெய் என்று மார்போடு வைத்துக்கொண்டாள். மௌஸில் இருந்த கை வேலை செய்தது. பழைய பதிவுகளில் தன் பெயரையே தேடினாள். கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற வரை குழந்தைக்குப் பெயர் கிடையாது. பேபி ஆஃப் பகவதி. ரிப்போர்ட் முழுக்கத் தாயின் பெயர்தான் இருக்கும், தாயிடம் மட்டும்தான் அது வராது. இத்தனை வருஷத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. திறந்தது. இருபத்தெட்டாம் நாள் ஸ்கேன். இரண்டு பக்கமும், அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதியில், பின்புறமாகச் சிறு சிறு நீர்க்கட்டிகள், பெரியது ஐந்து மில்லிமீட்டர். அறைகள் வலது 4.1, இடது 4.4. கைகால் விறைப்புக்கு வாய்ப்பு அதிகம், குறிப்பாகக் கால்கள். பயிற்சியை உடனே தொடங்கவும், மூன்றாம் மாதம் கட்டாயம் கொண்டுவந்து காட்டவும். கையெழுத்தான தாளின் நகல் அது, கீழே சங்கரலிங்கம் கையெழுத்து. டைப் அடித்தவர் ஜெசிந்தா. பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தில் ஆறுமுகநயினார் என்று முழுப் பெயர். பாங்கில் போடுகிற மாதிரி கடைசி எழுத்தைச் சுழித்துக் கீழே ஒரு கோடு. அவசரத்தில் போட்ட கையெழுத்து மாதிரி இல்லை. நிதானமாக, மேஜையில் தாளை வைத்து, கோடு கீறியிருக்கிறான்.

படத்தையும் திறந்தாள். ஏழு வருஷத்தில் படம் பார்த்ததில்லை, அவளுக்கு வார்த்தை போதும். சாம்பல் நிறத்தில் விசிறி மாதிரி விரிந்து கிடந்தது மகிழனின் தலை. நடுவே கறுப்பாக இரண்டு பிறை, அவற்றின் பக்கத்தில் சுண்டைக்காய் விதை அளவில் கறுப்புப் பொட்டுகள். இவ்வளவுதானா. துணியில் பூச்சி அரித்த மாதிரி. ஒரு நாள் பயிற்சிக்கு வந்த டாக்டர் பிள்ளைகளுக்குச் சங்கரலிங்கம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள்: இது ஜோசியம் இல்லை, சுத்தமாக இருக்கிற படத்திலும் பிள்ளை பின்னால் திணறலாம், ஓட்டை இருந்தும் ஒன்றிரண்டு தப்பிக்கலாம், ஆனால் இந்த இடத்தில் இரண்டு பக்கமும் இருந்தால் பெரும்பாலும் கால்தான் போகும், நாலாவது வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது, தெரிந்த அன்றைக்கே பயிற்சிக்கு அனுப்பினால் மூளை வேறு வழி கண்டுபிடிக்கப் பார்க்கும், சின்ன மூளைக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. நாலாவது வாரம். இப்போது எட்டு மாதம் அதன்மேல் போய்விட்டது. எட்டு மாதம் அந்தச் சின்ன மூளை வழி தேடிக்கொண்டு இருட்டில் தனியாகக் கிடந்திருக்கிறது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கால். டயப்பர் மாற்றும்போது அவன் கால்களைப் பிரிக்க ஒரு கை போதாது, கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். குறைமாசப் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்றார்கள் மாமியார், பக்கத்து வீட்டில், மருந்துக்கடையில். நயினாரும் சொன்னான். தரையில் நிறுத்திப் பார்த்தால் குதிகால் படாது, விரல் நுனியில் நிற்பான். டான்ஸ் மாஸ்டர் ஆவான் போலிருக்கே என்று நயினார் சிரித்தான். தெரிந்துகொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது எடுத்துப் பார்த்தால் எங்காவது விரிசல் இருக்கிறதா? இல்லை, நல்ல சிரிப்பு, வாய் நிறைய. அவள் குளிப்பாட்டும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான். பிள்ளை அழுவதைப் பார்க்கத் தாங்காது அவனுக்கு என்று அவள் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்டாள், கேட்கத்தான் செய்தாள். அவங்களே போன் பண்ணுவாங்க, நான் விசாரிச்சிட்டேன் என்றான். விசாரித்தது உண்மையாகக்கூட இருக்கும். வரச் சொன்ன அட்டை எங்கே இருக்கும்? பைக் பெட்டிக்குள், எல்.ஐ.சி. ரசீதுகளோடு. இன்றைக்குச் சாயங்காலம் கேட்டால் என்ன சொல்வான் என்றும் தெரியும். அவனுக்கு முன்னால் அவளே சொல்லிப் பார்த்துவிட்டாள்: உனக்காகத்தான், பால் நின்னுரும்னு, ஒரு மாசம் போகட்டும்னு இருந்தேன், பொறவு எப்படிச் சொல்லன்னு தெரியல. அம்பாசமுத்திரத்துக்காரனும் இதையேதான் சொல்லியிருப்பான். அவன் பெண்டாட்டி எப்போது தெரிந்துகொண்டாள்? தவழாதபோதா, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதா? யார் முகத்தை நினைத்து அழுதாள்? அந்தத் தாளில் வந்த இரண்டு எண்ணை அவளும் மனப்பாடம் செய்திருப்பாளோ.

எப்போதும் பேசுகிற மாதிரிதான் எல்லோரும் பேசினார்கள், அதுதான் நம்ப முடியவில்லை. திங்கட்கிழமை அவள் உள்ளே வந்ததும் டாக்டர், பிள்ளை எப்படி இருக்கான் என்று கேட்டார். கேட்கும்போது கண் திரையில் இருந்தது. நல்லாருக்கான் சார், பிறக்க வேண்டிய தேதிக் கணக்குக்கு ஏழு மாசம் ஆகுது, இன்னும் உட்காரத்தான் இல்லை என்றாள். ம் என்றார். அந்த ம்மில் எல்லாம் இருந்திருக்கிறது. அவர் மறந்திருப்பாரோ, ஒரு நாளைக்கு எத்தனை தலை. மறந்திருந்தால் ஒரு துரோகம், மறக்காமல் ம் சொல்லியிருந்தால் இன்னொன்று, எது தேவலை என்று எடை போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள், முள் நிற்கவில்லை. ஜெசிந்தா திங்களும் செவ்வாயும் டிபன் பாக்ஸில் மீன் வறுத்துக் கொண்டுவந்து அவள் தட்டில் வைத்தாள். இவ்வளவு பாசமா என்று கேட்டதற்கு, இளைச்சுட்டீங்கக்கா என்றாள். ஜெசிந்தா இப்போதும் வரவேற்பு மேஜையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யாருக்கோ டோக்கன் எழுதிக்கொண்டிருக்கிறாள். முதுகு தெரிகிறது, பின்னலில் மல்லிகை. பகவதி ஹெட்போனைக் கழற்றாமலே கண்ணாடியைத் தட்டினாள். ஜெசிந்தா எழுந்து வந்து, திரையில் இருந்த படத்தைப் பார்த்தாள், மேலே இருந்த பெயரைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

நயினார் அண்ணன்தான் வந்து நின்றார் என்றாள். அழுதார் என்றாள். நீங்கள் அப்போது இருந்த இருப்புக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எல்லோருக்கும் பயம், டாக்டரும் சரி என்றுவிட்டார், ஒரு மாதத்தில் அண்ணன் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், பிறகு கேட்கப் பயமாக இருந்தது, மாதாமேல் சத்தியம். பகவதி எண்களைப் பற்றி மட்டும் கேட்டாள். எனக்குத் தருகிற தாளில்கூட ரெண்டு எண்ணை மாத்திப் போடணும்னு உனக்குத் தோணலையா? ஏன் இதைக் கேட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. நல்லபடியாக ஏமாற்றியிருந்தால் தேவலை என்கிற மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று உள்ளே எதுவோ கேட்கிறதா. ஜெசிந்தா மூக்கை உறிஞ்சினாள்.

“நீங்க சொல்லித்தந்த மாதிரிதான்க்கா அடிச்சேன்.”

குத்திக் காட்டுகிற ஆள் இல்லை ஜெசிந்தா, உள்ளதைச் சொன்னாள். வெளியே யாரோ டோக்கன் கேட்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பகவதி தன் பெயரிலிருந்த பதிவை மூடினாள். மூடியதும் பின்னால் இருந்த 'தலை நார்மல்' மறுபடி வந்து நின்றது, 2.4, 2.6. வேறு என்ன செய்வது என்று தெரியாததால் பெடலை மிதித்தாள். பாதியில் விட்ட வார்த்தையைக் குரல் முடித்தது. நிதானமான குரல், காலையில் காபி குடித்த குரல். பேபி ஆஃப் பேச்சியம்மாள், முப்பதாவது வாரம், இருபத்தேழாம் நாள். விரல்கள் ஓடின. இரண்டு பக்கமும், பின்புறமாக, சிறு நீர்க்கட்டிகள். அவள் கை நிற்கவில்லை, பழக்கம், கை வேறு ஆளுடையது. அறைகள் வலது 3.9. 2.4ஐ அழித்தாள். இடது 3.7. அழித்தாள். கால் விறைப்புக்கு வாய்ப்பு, பயிற்சி, மூன்றாம் மாதம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அதே நிதானத்தில் குரல் சொன்னது, அப்பா சாயந்திரம் வருவார், அவர்கிட்ட குடுத்துரலாம். அம்மாவுக்கு ஒண்ணு போட்டுரும்மா. இந்த அம்மாவுக்குப் போடச் சொல்லும்போது பகவதியின் நினைப்பு அவருக்கு வந்திருக்காதா? அவள்தான் டைப் அடிக்கப்போகிறாள் என்று தெரியுமே. தெரிந்ததால்தான் செருமினாரா. பின்பக்கம் தட்டி அந்தச் செருமலை மறுபடி கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். வெறும் செருமல்தான். மனசாட்சியை அதில் தேட ஒன்றும் இல்லை.

மெய்யான ரிப்போர்ட் கையெழுத்துக்காக டாக்டர் மேஜையில் காத்துக் கிடக்கும். அம்மா காப்பிக்கு அந்தத் தாமதம் கிடையாது, சீல் குத்தினால் போதும், ஒரு நிமிஷத்தில் கொடுத்துவிடலாம். இந்த ஆஸ்பத்திரியிலேயே வேகமாகக் கிடைக்கிற தாள் அதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வந்து நின்று ஜெசிந்தாவிடம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நைட்டிமேல் துண்டு, கையில் மூடி போட்ட பால் குப்பி, காலில் மாடி வார்டின் நீல ரப்பர் செருப்பு. இருபத்திரண்டு வயசு இருக்கும். ஜெசிந்தா திரும்பி உள்ளே பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. வழக்கமாக இந்த நேரத்தில் பகவதி இரண்டு விரலைக் காட்டுவாள், இரண்டு நிமிஷம் உட்காரச் சொல் என்று. கை பாதி தூக்கி நின்றது. ஒருவேளை இவள் பால் நின்றே போகலாம். அந்த வாதத்தில் பொய் எதுவும் இல்லை. இரண்டாவது மாடியில் ஒரு துளி பால் என்ன விலை என்று அவளைவிடத் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. நல்லதாக ஒன்று அடித்துக் கொடுத்தால் இவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாடி ஏறுவாள், நாளைக்கு இருபது மில்லி இறங்கும். மகிழனும் அந்தப் பாலில்தான் பிழைத்தான். பிழைத்ததையும் கால் விறைத்ததையும் ஒரே தாள் செய்தது என்றால் அந்தத் தாளை என்ன செய்வது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அதற்குள்ளிருந்து அடுத்த குழந்தையின் வயிறு ஸ்கேன் மெல்லிசாகக் கேட்டது. கால் இன்னும் பெடலில் இருந்திருக்கிறது.

வெளியே போய் அந்தப் பெண்ணை பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். பேச்சியம்மாளா என்று கேட்டாள். ஆமாக்கா என்றாள் அவள், சுத்தமல்லி, முதல் பிள்ளை, அவங்க வேலைக்குப் போயிருக்காங்க, சாயந்திரம்தான் வருவாங்க. பகவதி கையில் தாள் எதுவும் இல்லாததைப் பார்த்து, பெரிய படிப்பெல்லாம் நமக்கு விளங்காது என்று சிரித்துக்கொண்டாள்.

“நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிருங்கக்கா. அது போதும்.”

ஜெசிந்தா டோக்கன் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். பகவதிக்கு அந்தக் குரல் புதிதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் யாராவது வாயைத் திறந்து கேட்டிருந்தால் அவளும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள்.

“நல்லா இல்ல” என்றாள். “தலைக்குள்ள பின்பக்கம் சின்னச் சின்னதா நீர்க்கட்டி இருக்கு. காலு விறைச்சுக்கிடலாம், நடக்கக் கஷ்டப்படலாம். கண்டிப்பா அப்படித்தான்னு யாரும் சொல்ல முடியாது. பயிற்சி இருக்கு, இந்த வாரமே டாக்டர்ட்ட கேட்டு ஆரம்பிச்சிரணும். உங்க வீட்டுக்காரர்ட்ட மட்டும்தான் சொல்லுவாங்க, அவர் உங்ககிட்ட சொல்ல மாட்டாரு. எம்பிள்ளைக்கும் இதுதான். எட்டு மாசம் போயிட்டு.”

பேச்சியம்மாள் பால் குப்பியின் மூடியைத் திருகினாள், ஏற்கனவே இறுக்கமாக இருந்த மூடி. அழுவாள் என்று பகவதி காத்திருந்தாள், ஜெசிந்தாவும் காத்திருந்தாள். மாடியிலிருந்து ஒரு நர்ஸ் இறங்கி அவர்களைக் கடந்து போனாள்.

“ரெண்டு காலுமாக்கா?” என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

தன் பிள்ளையைக் கேட்கிறாளா, மகிழனைக் கேட்கிறாளா என்று தெரியவில்லை. பகவதி ஆமாம் என்றாள்.